திரும்பி வருகிற மைலேஜ்

ஊருக்கு ரோடு பிரிகிற உடங்காட்டு விலக்கில் மெக்கானிக் கடை வைத்திருந்த யேசுவடியான், தன் ஒரே மகள் பிரின்சி பொழுதோடு வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வண்டியின் எஞ்சினைப் பிரித்தான், அதில் வேறு எந்தக் கெட்ட எண்ணமும் அவனுக்குக் கிடையாது, கோயில் நடையில் நின்று எத்தனை சத்தியம் வேண்டுமானாலும் பண்ணலாம். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே தாய்க்காரி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பனும் மகளும் ஒரே சட்டியில் பொங்கி, ஒரே விளக்கின் முன்னால் ஜெபம் பண்ணி, ஒருத்தர் வராமல் இன்னொருத்தர் சோற்றில் கை வைக்காமல் பதினாறு வருஷம் கழிந்திருந்தது. இப்போது அவள் நர்ஸ் படிப்பை முடித்து, முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு வேலை முடிந்து, பஸ் பிடித்து, பஸ் மாறி, விலக்கில் வந்து இறங்க எட்டு ஆகிவிடும். "பேசாம ஹாஸ்டல்ல தங்கிருன்னு எல்லாரும் சொல்லுதாங்கப்பா" என்று அவள் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னதும் யேசுவடியான் கையிலெடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டான். மறுநாள் காலையில் கடையைத் திறந்தவன், மூலையில் கிடந்த தன் பழைய நூற்றிருபத்தைந்து சிசி வண்டியை நடுவில் இழுத்துப்போட்டு ஸ்பேனரை எடுத்தான்.

பத்து நாள் வேலை. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டான், ஹெட்டைச் சீவினான், கார்புரேட்டருக்கு அகலமான வாய் வைத்தான், சைலன்சரின் வயிற்றைத் திறந்து உள்ளேயிருந்த தகடுகளை உருவி எறிந்தான், பின்சக்கரத்துக்கு நாலு பல் குறைந்த ஸ்ப்ராக்கெட்டாகத் தேடிப் பிடித்து மாட்டினான். வேகத்தைக் கூட்டினால் மைலேஜ் செத்துப்போகும் என்று யேசுவடியானுக்குத் தெரியாதா என்ன? அறுபது கொடுத்த வண்டி இனி முப்பது கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் அவன் பாட்டிலை எடுத்தான்.

பாட்டில் என்றால் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில்தான், பிரின்சி காலியானதையெல்லாம் கழுவிக் கொண்டுவந்து தருவாள், பக்கவாட்டில் மில்லி கணக்கு கோடு கோடாகப் போட்டிருக்கும், மைலேஜ் பார்க்க அதைவிட வாகான சாமான் உலகத்தில் கிடையாது. டேங்க் குழாயை அடைத்துவிட்டு, பாட்டிலில் நூறு மில்லி பெட்ரோல் ஊற்றி, ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, பாட்டில் குழாயைக் கார்புரேட்டரில் சொருகி, வண்டி எங்கே போய் மூச்சை நிறுத்துகிறதோ அதுவரைக்கும் ஓட்டி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, வண்டியை உருட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். எல்லா ஊர் மெக்கானிக்கும் அப்படித்தான் பார்க்கிறான். போகும்போதுதான் அளப்பான், வரும்போது அளந்த மெக்கானிக் ஒருத்தன்கூட இந்த பூமியில் பிறக்கவில்லை, பாட்டில்தான் காலியாகிவிடுமே, அப்புறம் எதை வைத்து அளப்பது?

ஆனால் அன்றைக்குப் பாட்டில் காலியாகவில்லை. உப்பளம் தாண்டியும் நூறு மில்லி, பாலம் தாண்டியும் நூறு மில்லி, பதினைந்தாவது கிலோமீட்டரில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் அதே கோட்டில் அதே நூறு மில்லி நின்றது. யேசுவடியான் ரோட்டோரம் முழங்கால் போட்டு ஒரு ஸ்தோத்திரம் சொன்னான். அப்படியே வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் என்ன செய்தான் தெரியுமா? ஓட்டிக்கொண்டு வந்தால் சாட்சி கலைந்துபோகும், ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் பாட்டிலை ஊராருக்குக் காட்ட வேண்டும் என்று, எஞ்சினை அணைத்து, பதினைந்து கிலோமீட்டரும் அந்தக் கனத்த வண்டியைக் கொளுத்தும் வெயிலில் உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வேர்வை தேறும், முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு.

எதிர்த்த டீக்கடை ஜெபமணி கிளாஸைக் கழுவுகிற கையோடு ஓடிவந்து பாட்டிலை உற்றுப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, பச்சத்தண்ணியிலயா ஓட்டுனீங்க?"

"இனிமே எம் புள்ள ஆறு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பா மைனி" என்றான் யேசுவடியான். மைலேஜைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

மறுநாள் பிரின்சி அந்த வண்டியில் போனாள். சொன்னபடி சாயந்தரம் ஐந்தே முக்காலுக்குக் கடைவாசலில் வந்து நின்றாள், ஆனால் சைலன்சரிலிருந்து கருப்புகருப்பாகப் புகை கக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, போகும்போது ஒரு சொட்டுக்கூடக் குறையல. வரும்போது டேங்க் ஃபுல்லா ஊத்தினேன், பதினோரு லிட்டரு. எல்லாத்தையும் குடிச்சிட்டுப்பா." கார்புரேட்டர் ஒழுகுகிறது என்று நினைத்து அவன் அதைப் பிரித்து மாட்டினான். அடுத்த நாள் பன்னிரண்டு லிட்டர். கடையாத சிலிண்டர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பழைய பிஸ்டனையே போட்டான், பழைய ஸ்ப்ராக்கெட்டையும் மாட்டினான், அதற்கடுத்த நாள் பதிமூன்று. உதிரி எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, குணம் மட்டும் ஆகவில்லை.

ஊர் என்ன செய்யும்? போக ஒரு சொட்டுச் செலவில்லை என்ற ஒரு வார்த்தைதான் ஊருக்குக் காதில் விழுந்தது. நர்ஸ் பிள்ளைக்கு ஆக்சிலேட்டர் முறுக்கத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே மீன் ஏவாரி, முட்டை ஏவாரி, துணி ஏவாரி, கொத்தனார், எலெக்ட்ரீசியன் எல்லாரும் வண்டியைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார்கள், யேசுவடியான் மாட்டேன் என்றாலும் விடுவார்களா, கையைப் பிடித்து, காலைப் பிடித்து, ஒரு மாசத்துக்குள் நாற்பது வண்டிக்கு அதே வேலையைச் செய்ய வைத்துவிட்டார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே. காலையில் நாற்பது வண்டியும் புகையில்லாமல் பூப்போலப் போகும், சாயந்தரம் வடக்கே அடிவானம் கறுத்தால் மழையில்லை, நம்ம ஊர் ஆண்பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள் என்று அர்த்தம்.

வண்டியைப் போட்டுவிட்டு பஸ்ஸில் வரலாமே என்பீர்கள். வந்து பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை அந்த வண்டியில் வீடு திரும்பியவருக்கு அது ஒட்டிக்கொண்டுவிடுகிறது, அவர் ஏறி உட்கார்ந்தால் பஸ்ஸும் டீசலை மொடமொடவென்று குடித்துவிட்டு உப்பளத்துப் பக்கத்தில் நின்றுவிடுகிறது, ஒரு வாரத்துக்குள் கண்டக்டர்கள் படியிலேயே நின்று "உடங்காட்டு விலக்கு ஆள் இருந்தா மரியாதையா இறங்கிருங்க" என்று கத்த ஆரம்பித்தார்கள். நடந்தே வந்த கொத்தனார் ஒருத்தர் வழியில் இருபத்தேழு பரோட்டா தின்றும் பசி ஆறாமல், ஊர் எல்லையில் எலும்பும் தோலுமாக வந்து விழுந்தார்.

அதற்குள் ஜெபமணி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் புருஷன் செல்லத்துரை, முட்டை ஏவாரி, தினமும் சாயந்தரம் புகையே இல்லாமல் ஜம்மென்று வந்து இறங்குவான். எல்லாரும் அவனைக் கெட்டிக்காரன் என்றார்கள். ஜெபமணிக்கு மட்டும் என்னவோ உறுத்தியது, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி காலையிலும் சாயந்தரமும் அவன் டேங்கில் விட்டுப் பார்த்தாள், காலையில் எவ்வளவு நனைந்ததோ அவ்வளவே நனைந்திருந்தது. பிறகு அவன் வேட்டி சட்டையை மூட்டையாகக் கட்டி ரோட்டில் வைத்துவிட்டு, ஊர் கேட்கச் சொன்னாள்: "இது வீட்டுக்கு வாற வழியிலதான் குடிக்கும். இவனுக்கு வீடு வேற எங்கியோ இருக்கு. அங்கயே போவட்டும்."

செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டு கிளம்பினான். போகிற வழியெல்லாம் அவன் வண்டி கன்னங்கரேலென்று புகை கக்கியதை ஊரே நின்று பார்த்தது.

அன்றிலிருந்து ஊரில் ஈர்க்குச்சி வைக்காத வீடு கிடையாது. சாயந்தரம் ஆனால் பெண்டுகள் வாசலில் குச்சியோடு நிற்பார்கள், குச்சி காய்ந்து வந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் மீன்குழம்பு, நனைந்து வந்தால் பழைய சோறு. ஆண்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஊருக்கு முந்தின ஆறாவது கல்லில், முள்ளு உடைமரக் கூட்டத்துக்குள் வண்டியை ஒதுக்கி, டேங்கில் டியூப்பை விட்டு வாயால் உறிஞ்சி, மிச்சப் பெட்ரோலையெல்லாம் மண்ணில் விட்டுவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு "ஐயோ, உன்ன நெனச்சு நெனச்சு டேங்கே வத்திப்போச்சு" என்று வந்து நின்றார்கள். ஆனால் வாயால் உறிஞ்சின பெட்ரோல் வாடை லேசில் போகாது, வெற்றிலை போட்டாலும் போகாது, ஏலக்காய் மென்றாலும் போகாது. அடுத்த வாரமே பெண்டுகள் குச்சியைப் பார்த்துவிட்டு, "எங்க, வாய ஊதும்வே" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இப்படிச் சிரிப்பும் சண்டையுமாக ஒரு வருஷம் ஓடியது.

அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. பாசமுள்ளவன் எவனோ அவனால்தான் வர முடியவில்லை. தினம் வந்தவன் வாரத்துக்கு ஒருமுறை வந்தான், பிரிந்திருக்கிற நாள் கூடக்கூட வண்டிக்குத் தாகமும் கூடியது, வாரத்துக்கு ஒருமுறை வந்தவன் மாசத்துக்கு ஒருமுறை என்றாகி, பிறகு பண்டிகைக்கு என்றாகி, பிறகு போனில் மட்டும் வந்தான். போவதற்குத்தான் ஒன்றும் ஆகாதே, அதனால் தூத்துக்குடியில் இருந்தவன் மதுரைக்குப் போனான், மதுரையில் இருந்தவன் ஓசூருக்குப் போனான். பெண்டுகள் சிலர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புருஷன் இருக்கிற இடத்துக்கே போனார்கள், வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டு வாங்கின. கோயிலில் வருஷா வருஷம் ஊர் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் பதினாறு அண்டா சோறு வடித்த இடத்தில் நாலு அண்டா வடித்து, அதிலும் ஒன்று மிஞ்சிப்போய், மணியடிக்கிற கோயில்குட்டி தானியேல் அதை மாட்டுத்தொட்டியில் கொட்டிவிட்டு, பாவி நான், அசனச் சோற்றைக் கொட்டினேனே என்று அழுதான்.

பிரின்சியும் ஹாஸ்டலுக்குத்தான் போனாள். முதலில் வாரா வாரம் வந்தாள், இரண்டு பக்கமும் கேன் கட்டி, வழியில் நாலு இடத்தில் ஊற்றி, முகமெல்லாம் கரியோடு வந்து நிற்பாள், யேசுவடியான் அந்தக் கரியைத் துண்டால் துடைத்துவிட்டு, ஈர்க்குச்சியை விட்டு, அது எலும்பாகக் காய்ந்து வருவதைப் பார்த்து, பெருமையும் துக்கமும் ஒன்றாக வர, அவளுக்குச் சோறு போட உள்ளே போவான். தன் கையால்தானே இதைச் செய்தோம் என்று அவன் நெஞ்சில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. பிறகு அவளுக்குக் கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. "போறதுக்கு ஒண்ணும் ஆகாது, போயிட்டு வா பாப்பா" என்று அவனேதான் சொன்னான். போ என்று மட்டும் சொல்லியிருக்கலாம், வா என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டான்.

மூன்று வருஷம் ஆயிற்று, அவள் ஒரு தடவைகூட வரவில்லை. பஸ்ஸில் போய் அவன் மகளைப் பார்க்கலாம்தான், அவன் அன்றைக்கு வண்டியை உருட்டியே வந்தவன், அவனுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. போனான், இரண்டு தடவை போனான். ஹாஸ்டல் வாசலில், வாட்ச்மேன் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தான். பார்ப்பது வேறு, வீட்டுக்கு வருவது வேறு. அதனால் அவன் வாரம் ஒரு குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, கடையில் தகரக் கூரைக்குக் கீழே கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டான், அவள் வரும்போது எதிரே கொண்டுபோய் ஊற்றுவதற்காம். மூன்று வருஷத்தில் நூற்றைம்பது பாட்டில் சேர்ந்து, காற்றடித்தால் கடைக்குள் எல்லாம் ஒன்றாக ஆடும்.

"இது எம்மாத்திரம் அண்ணாச்சி? அங்கருந்து அவ வாறதுக்கு டேங்கர் லாரில்லா பின்னால வரணும்" என்றாள் ஜெபமணி.

"தெரியும் மைனி" என்றான் அவன். மறுவாரம் இன்னொரு பாட்டிலைத் தொங்கவிட்டான்.

நாலாவது வருஷம் அசனத்துக்கு முந்தின நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, பிரின்சி வந்துவிட்டாள். ஆறாவது கல்லிலிருந்து வண்டியை உருட்டிக்கொண்டு, தலைமயிர் நெற்றியில் ஒட்டிக்கிடக்க, கடைவாசலில் வந்து நின்று "அப்பா" என்றாள். யேசுவடியான் கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது, வலிக்கக்கூட இல்லை.

"எப்படி பாப்பா வந்த?"

"நாலு மாசமா சேத்து வச்சேன்ப்பா, கேன் கேனா. வழி நெடுக ஊத்தி ஊத்தி வந்தேன். ஊர்ப்பக்கம் வந்ததும் மொத்தமாத் தீந்துபோச்சு."

ஜெபமணி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே தன் இடுப்பில் சொருகியிருந்த ஈர்க்குச்சியை எடுத்து டேங்கில் விட்டாள். குச்சி எலும்பாகக் காய்ந்து வந்தது. "பாத்தீங்களா! கோயம்புத்தூர்லருந்து எம் மவ வத்த வத்த வந்திருக்கா!" என்று அவள் அந்தக் குச்சியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தெருவில் ஓட, மிச்சமிருந்த இருபது முப்பது பேரும் கூடிவிட்டார்கள், தானியேல் காரணமே இல்லாமல் கோயில் மணியை அடித்தான், ஒருத்தர் முகத்தில்கூட அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. ஒருத்தி வந்துவிட்டாள் என்றால் மற்றவர்களும் வரலாம் அல்லவா?

கூட்டம் கலைந்தபின் அப்பனும் மகளும் உள்ளே வந்தார்கள். அவன் சோறு போட்டு, சாளை மீன் குழம்பை ஊற்றி, எதிரே உட்கார்ந்தான். வழக்கம்போல அவள் தலையைக் குனிந்து, அவன் முகத்துக்கு நேராகச் சாப்பாட்டு ஜெபம் சொன்னாள். "கர்த்தாவே, இந்த ஆகாரத்துக்காக..." என்று அவள் ஆரம்பித்ததும் மீன்குழம்பு வாசனையைத் தாண்டிக்கொண்டு அந்த வாடை வந்தது. ஏலக்காய் மென்றிருக்கிறாள், அதற்குக் கீழே பெட்ரோல். முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவனுக்கு ஊதிக் காட்ட வேண்டுமா என்ன? ஆறாவது கல்லில் உடைமரத்துக்குள் தன் பிள்ளை மண்டியிட்டு, டியூப்பை வாயில் வைத்து, நிறைந்த டேங்கை உறிஞ்சி உறிஞ்சி மண்ணில் விட்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆமென்" என்றாள் அவள்.

"ஆமென்" என்றான் அவன். வந்த அழுகையைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினான். "குழம்பு உப்பு சரியா இருக்கா பாப்பா?"

"நல்லா இருக்குப்பா. அங்க இப்ப ஒரு வீடு பாத்திருக்கேன். ரெண்டு ரூம்பு. மாடியில ஒரு கறிவேப்பிலைச் செடி வச்சிருக்கேன்." கொஞ்ச நேரம் சோற்றையே அளைந்துகொண்டிருந்தாள். "ஒருத்தர் இருக்காங்கப்பா. நல்லவங்க. நான் போறவரைக்கும் சாப்பிட மாட்டாங்க."

"சாப்பிடாம இருக்கக் கூடாதே" என்றான் யேசுவடியான். "நீ சீக்கிரமா கிளம்பிரு."

அசனம் முடிந்த மறுநாள் காலையில் அவள் பையைக் கட்டும்போது, அவன் கடைக்குப் போய் ஒவ்வொரு பாட்டிலாகக் கம்பியிலிருந்து இறக்கினான். டேங்க் நிறைய ஊற்றினான், மிச்சத்தைக் கேன்களில் ஊற்றி வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் வைத்து இறுக்கிக் கட்டினான், மூன்று வருஷப் பெட்ரோலும் அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

பிரின்சி வெளியே வந்து பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள். "எதுக்குப்பா இவ்வளவு? போறதுக்குத்தான் ஒண்ணும் ஆகாதே."

"சும்மா வச்சுக்கோ பாப்பா. பாரம் இருந்தா வண்டி ஆடாமப் போகும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பியது. கோயிலைத் தாண்டுவதற்குள்ளேயே சைலன்சரிலிருந்து புகை கறுத்துக் கிளம்பிவிட்டது, உப்பளத்து வளைவில் வண்டி மறைந்த பிறகும் அந்தப் புகை மட்டும் ரோட்டின்மேல் நின்றது. டீக்கடை வாசலில் நின்ற ஜெபமணி அதைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்த ஈர்க்குச்சியை ஒடித்து அடுப்பில் போட்டாள்.

முதல்தடவை வேலைக்குப் போனபோது ஏழு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தவள், இந்த முறை மூன்றாவது நாள்தான் போன் பண்ணினாள்.

"வந்து சேர்ந்துட்டேன்ப்பா."

"பெட்ரோலு?"

"நீங்க ஊத்துனது அப்படியே இருக்குப்பா. ஒரு சொட்டுக்கூடக் குறையல."

யேசுவடியான் கூரைக்குக் கீழே காலியாகத் தொங்குகிற கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நல்லதாப் போச்சு பாப்பா. பத்திரமா வை. அடுத்த தடவ நம்ம வீட்டுக்கு வாறதுக்கு ஆகும்."